ஸ்காட்லாந்து வயலில் ஒரு மெட்ராஸ் யானை



"மலருக்கு ஏதாவது எழுதிக் குடுங்க சார்" என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதவும், ஸ்டிரைக் நாட்களைப் பற்றி எழுதவும் என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள் என்று தோன்றியது. ஆகவே நான் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டேன். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பழைய ராணுவத் தொப்பி பேட்ஜ். அதை 'இது இன்னது' என்று அடையாளம் காணப் போய், நம் ஊர்ச் சரித்திரத்துக்குள் வந்து விழுந்த கதை இது.

வேலை நிமித்தம் ஸ்காட்லாந்தில் குடியேறிய எனக்கு, ஓய்வு நாட்களில் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயல்வெளியில் நடக்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. அங்கே இது பலருக்கும் பொழுதுபோக்கு. ஆனால் சட்டதிட்டம் உண்டு. நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட புராதன இடங்களில் கருவியை எடுத்தாலே குற்றம். தொல்லியல் முக்கியத்துவம் உள்ளது எது கிடைத்தாலும் அரசின் புதையல் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலும் கிடைப்பது என்னவோ துருப்பிடித்த ஆணி, சட்டைப் பொத்தான், குளிர்பான டின்னின் வளையம்தான்! கிளாஸ்கோவுக்குத் தெற்கே லனார்க்ஷயர் பகுதியில், உழுது போட்டிருந்த ஒரு வயலில், ஒரு சாண் ஆழத்தில் கிடைத்தது அந்த பேட்ஜ்.

பேட்ஜ் பேசும் மொழி

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பரேடுக்கு முதல் நாள் ராத்திரி பிராஸோ போட்டுத் தேய்த்துத் தேய்த்து பேட்ஜைப் பளபளக்க வைப்போம். மண்ணிலிருந்து எடுத்த பேட்ஜுக்கு அதைச் செய்யவே கூடாது. தேய்த்தால் மேலே இருக்கும் நுணுக்கமான வேலைப்பாடும், பழைமையின் படிவும் சேர்ந்தே போய்விடும். சுத்தமான தண்ணீர், மென்மையான பிரஷ், பொறுமை, இவ்வளவு போதும்.

மண் கரைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பின்பக்கம். முன்பக்கத்தைப் பார்க்கத்தான் எல்லோருக்கும் அவசரம். ஆனால் பின்பக்கம் பொய் சொல்லாது. அச்சில் வைத்து அழுத்தித் தகட்டில் செய்த பேட்ஜாக இருந்தால், முன்பக்கத்து மேடு பின்பக்கத்தில் பள்ளமாகத் தெரியும். அச்சு வார்த்த போலிகளில் உருவம் மழுங்கி, பரப்பு சொரசொரப்பாக இருக்கும். அடுத்து, தொப்பியில் மாட்டும் அமைப்பு. சிலவற்றில் செங்குத்தாக ஒரு தட்டைத் தகடு இருக்கும், தொப்பியின் துணிக்குள் செருகிக்கொள்ள. வேறு சிலவற்றில் இரண்டு சின்ன வளையங்கள் இருக்கும். துணிக்குப் பின்னால் அந்த வளையங்களுக்குள் ஒரு பிளவு ஊசியைக் கோத்து நிறுத்துவார்கள். என் பேட்ஜில் இருந்தது வளையம். ஒன்று முழுசாக, ஒன்று ஒடிந்து.

பிறகு கிரீடம். பிரிட்டிஷ் பேட்ஜ்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் சூத்திரம் ஒன்று உண்டு. விக்டோரியா ராணி காலத்துக் கிரீடம் ஒரு மாதிரி. 1901க்குப் பிறகு வந்த அரசர்கள் காலத்தில் வளைவுகள் உருண்டையாக மாறின. 1952ல் எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்தபின் நடுவில் பள்ளம் விழுந்த இன்னொரு வடிவம். கிரீடத்தைப் பார்த்தே காலத்தைச் சொல்லிவிடலாம் என்பார்கள். பொதுவாக அது சரியே. ஆனால் இந்த பேட்ஜில் அந்தச் சூத்திரம் செல்லாது. காரணம், இதிலுள்ள கிரீடம் வழக்கமான அரச கிரீடமே அல்ல. இந்தியாவில் ஆட்சி செய்தபோது பிரிட்டிஷார் ஏற்படுத்திய 'ஸ்டார் ஆஃப் இந்தியா' விருதின் கழுத்தாரத்தில் உள்ள கிரீடம் அது. அரசர் மாறினாலும் இது மாறவில்லை. பார்த்தீர்களா, கிரீடத்திலேயே இந்தியா வந்துவிட்டது!

கிரீடத்துக்குக் கீழே ஒரு ஊதுகொம்பு. இது 'லைட் இன்ஃபன்ட்ரி' எனப்படும் வேகக் காலாட்படையின் சின்னம். கொம்பின் வளைவுக்குள் எச், எல், ஐ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் பின்னிக் கிடந்தன. இவை அத்தனைக்கும் பின்னணியாக ஒரு நட்சத்திரம், ஸ்காட்லாந்தின் 'திசில்' விருதின் நட்சத்திரம். ஆக, 'ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி' என்ற ரெஜிமென்ட். கிளாஸ்கோ நகரத்துப் பையன்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்த படை அது. இதுவரை சந்தேகமே இல்லை.

கொம்புக்குக் கீழே ஒரு பட்டையில் 'அஸ்ஸாயே' என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே, ஒரு யானை.

குளிர் நாட்டுப் பட்டாளத்துக்கு யானை எதுக்கு? போட்டோ எடுத்து என் பழைய ஹாஸ்டல் ரூம்மேட்டுக்கு அனுப்பினேன். அவன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்த நிமிஷமே போன்.

"டேய், இது எங்க ஆனைடா! வெலிங்டன் ஆனை! அங்க எப்படிடா போச்சு?"

நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் பயிற்சி பெற்ற எவரும் அந்த யானையை மறக்க மாட்டார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் சின்னத்தின் நடுவில் நிற்பது இதே அஸ்ஸாயே யானைதான். கிளாஸ்கோ பேட்ஜிலும் நீலகிரி பேட்ஜிலும் ஒரே யானை. எப்படி?

1803 செப்டம்பர் 23

அசயி என்பது இன்றைய மகாராஷ்டிராவில் ஜால்னா மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர். அதன் பெயரைத்தான் ஆங்கிலேயர் 'அஸ்ஸாயே' ஆக்கினார்கள். இரண்டாம் மராத்தியப் போரில், 1803 செப்டம்பர் 23 அன்று, தௌலத் ராவ் சிந்தியாவும் பேராரின் ரகோஜி போன்ஸ்லேயும் சேர்ந்த படையை மேஜர் ஜெனரல் ஆர்தர் வெல்லஸ்லி இங்கே எதிர்கொண்டார். பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆகி, நெப்போலியனை வாட்டர்லூவில் வென்றவர் இவர்தான். நம் நீலகிரி வெலிங்டனுக்கும் அவர் பெயர்தான்.

எதிரே நின்றது சாதாரணப் படை அல்ல. போல்மன் என்ற ஜெர்மானியர் தலைமையில், ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற பத்தாயிரத்துக்கு மேற்பட்ட காலாட்படையினரும், நூறையொட்டிய பீரங்கிகளும், அதற்கு மேல் பெரும் குதிரைப் படையும் நின்றன. கேல்னா ஆற்றைக் கடக்க இடமே இல்லை என்று வழிகாட்டிகள் கையை விரித்துவிட்டார்கள். அக்கரையிலும் இக்கரையிலும் எதிரெதிரே இரண்டு கிராமங்கள் இருப்பதைக் கண்ட வெல்லஸ்லி, 'இரண்டு ஊர் எதிரெதிரே இருந்தால் நடுவே நடந்து போகத் துறை இல்லாமலா இருக்கும்?' என்று ஊகித்தார். ஊகம் பலித்தது.

அவருடைய காலாட்படையில் இரண்டே பட்டாளங்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள், 74ம் 78ம். குதிரைப் படையில் 19வது லைட் டிராகூன்ஸ் மட்டும் பிரிட்டிஷார். மற்றவை பெரும்பாலும் மெட்ராஸ் ராணுவத்தின் படைகள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள், தக்கிணத்து முஸ்லிம்கள் என்று பல தரப்பினர் அவற்றில் இருந்தார்கள். 4வது, 8வது, 10வது மெட்ராஸ் ரெஜிமென்ட்களின் முதல் பட்டாலியன்களும், 12வதின் இரண்டாம் பட்டாலியனும் களத்தில் நின்றன. 4, 5, 7வது மெட்ராஸ் குதிரைப் படைகளும் கூடவே இருந்தன.

போரின் மிகக் கொடுமையான கட்டம் வலது பக்கத்தில் நடந்தது. முன்வரிசைக் காவல் பிரிவும் 74வது படையும் வழி விலகி, அசயி ஊருக்குள் இருந்த பீரங்கிகளின் வாய்க்கு நேராகப் போய்விட்டன. 74ல் 10 அதிகாரிகள் மாண்டனர், 7 பேர் காயம். சிப்பாய்களில் 124 பேர் செத்து விழுந்தனர். முன்வரிசைக் காவல் பிரிவில் எல்லாப் பட்டாலியன்களிலிருந்தும் எடுத்த ஆட்கள் இருந்தார்கள், நம் சிப்பாய்களும் உட்பட. கடைசியில் அதில் மிஞ்சியது 75 பேர் அளவில்தான். எஞ்சியவர்களை மராத்தியக் குதிரை வீரர்கள் வெட்டிச் சாய்க்க இருந்த நேரத்தில், பாய்ந்து வந்து காப்பாற்றியது 19வது டிராகூன்ஸும் மெட்ராஸ் குதிரை வீரர்களும். பிறகு, செத்தவர்கள் போல் கிடந்த மராத்தியப் பீரங்கிக்காரர்கள் எழுந்து மறுபடி சுட ஆரம்பித்தபோது, வெல்லஸ்லி நேரில் அழைத்துச் சென்றது 78வது ஹைலேண்டர்களையும் 7வது மெட்ராஸ் குதிரைப் படையையும்.

வெல்லஸ்லி பக்கம் மட்டும் 428 பேர் மாண்டனர், 1,138 பேர் காயமடைந்தனர், 18 பேரைக் காணவில்லை. 98 பீரங்கிகள் பிடிபட்டன. பிற்காலத்தில் 'நீங்கள் நடத்திய போர்களிலேயே சிறந்தது எது?' என்று கேட்டபோது வெலிங்டன் பிரபு சொன்ன பதில் அஸ்ஸாயே. வாட்டர்லூவை அவர் சொல்லவில்லை!

இந்த வெற்றிக்காகக் கம்பெனி அரசு 1803லேயே கௌரவங்களை அறிவித்தது. அதன் நினைவாக வந்ததுதான் யானைச் சின்னம். 74க்கும் கிடைத்தது, மெட்ராஸ் பட்டாலியன்களுக்கும் கிடைத்தது. 1881ல் 74வதும் 71வதும் இணைந்து ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி ஆனபோது, 74 தன் யானையைச் சீதனமாகக் கொண்டு வந்தது. ஊதுகொம்பு 71ன் சீதனம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 71க்கும் நம் மண் புதிதல்ல. 73வது என்ற பழைய எண்ணோடு ஹைதர் அலியை எதிர்த்து வந்த படை அது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் அதன் ஒரு பகுதி சிதறடிக்கப்பட்டது. அந்தப் படையின் காப்டன் டேவிட் பெயர்டு பிடிபட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் மூன்றரை வருஷத்துக்கு மேல் கிடந்தார். 1799ல் அதே கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கி உள்ளே நுழைந்தவரும் அவரே. 1781ல் நடந்த சோளிங்கர் போரின் பெயர் இந்தக் கிளாஸ்கோ ரெஜிமென்ட்டின் போர்க் கௌரவப் பட்டியலில் இருக்கிறது. நம் சோளிங்கர்தான், மலை மேல் நரசிம்மர் இருக்கும் சோளிங்கர்!

யானை இருந்தது, ஆட்கள்?

இந்த இடத்தில்தான் என் மனசு நின்றுவிட்டது. ஒரே களத்தில் செத்தார்கள், ஒரே யானையைப் பெற்றார்கள். அதற்கப்புறம் என்ன நடந்தது?

மூன்றே வருஷம். 1806 ஜூலை 10. வேலூர்க் கோட்டை. அதற்கு முந்தைய ஆண்டு இறுதியில் மெட்ராஸ் ராணுவத்தில் புதிய உடை விதிகள் வந்தன. நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தொப்பி மாதிரியான புதிய தலைப்பாகையை அணிய வேண்டும். அந்தத் தலைப்பாகையில் தோலால் ஆன ஒரு சின்னம். ஆம், பிரச்சினை தொப்பியில் குத்தும் சின்னத்திலும் இருந்தது! சிப்பாய்கள் கொதித்தெழுந்து கோட்டையைப் பிடித்தார்கள். 69வது படையின் நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளையர் கொல்லப்பட்டனர். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி தலைமையில் விரைந்து வந்து கோட்டையை மீட்டவர்கள் யார் தெரியுமா? அஸ்ஸாயேவில் மெட்ராஸ் சிப்பாய்களோடு தோளோடு தோள் நின்ற அதே 19வது டிராகூன்ஸ். அவர்களோடு வந்தது 7வது மெட்ராஸ் குதிரைப் படை. சில நூறு சிப்பாய்கள் அன்று உயிரிழந்தார்கள். பலரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். வேலூர்ப் புரட்சியின் இருநூறாம் ஆண்டான 2006ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

மெட்ராஸ் சிப்பாய்க்கு அடுத்த அடி நூற்றாண்டுக் கடைசியில் விழுந்தது. 'போர்க் குணம் உள்ள இனங்கள் வடக்கேதான் இருக்கின்றன, தெற்கத்தியான் பட்டாளத்துக்கு லாயக்கில்லை' என்ற கொள்கை ராணுவத் தலைமையில் வேர்விட்டது. மெட்ராஸ் படைக்கும் பின்பு இந்திய ராணுவம் முழுமைக்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு இதில் முக்கியமானவர். மெட்ராஸ் பட்டாலியன்கள் சில கலைக்கப்பட்டன. சிலவற்றில் எண்ணையும் பெயரையும் வைத்துக்கொண்டு ஆட்களை மட்டும் மாற்றினார்கள்.

ஒரு உதாரணம் போதும். 1759ல் திருச்சிராப்பள்ளியில் உருவான ஒரு பட்டாலியன், பின்னாளில் 2வது மெட்ராஸ் காலாட்படை ஆயிற்று. அஸ்ஸாயே கௌரவமும் அதற்கு உண்டு. 1903ல் அதன் பெயர் '62வது பஞ்சாபிகள்' என்று ஆயிற்று. 1947 பிரிவினையில் அந்தப் பரம்பரை பாகிஸ்தான் ராணுவத்தின் பஞ்சாப் ரெஜிமென்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. திருச்சியில் பிறந்த பட்டாலியனின் கௌரவம் இன்று எந்த நாட்டில் இருக்கிறது என்று பாருங்கள்! மீதியிருந்த மெட்ராஸ் ரெஜிமென்ட்டையும் 1920களில் சிக்கனம் என்று சொல்லிக் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டதும், 1941-42ல் மறுபடி உயிர் கொடுத்தார்கள். 'லாயக்கில்லை' என்று ஒதுக்கப்பட்டவன் பர்மாவில் போய்ச் சண்டை போட்டான்.

சுதந்திரத்துக்குப் பிறகு இன்னொரு கேள்வி எழுந்தது. இந்திய மண்ணில் இந்தியரையே அடக்குவதற்காக நடந்த போர்களின் கௌரவத்தைச் சுதந்திர இந்தியாவின் படை சுமக்கலாமா? அப்படிப்பட்ட போர்க் கௌரவங்களைக் கொண்டாடத் தகாதவை என்று இந்திய ராணுவம் ஒதுக்கியது. அஸ்ஸாயேவும் அதில் ஒன்று. ஆனால் யானை மட்டும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் சின்னத்தில் நிற்கிறது. இது முரண்பாடு என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போர் கம்பெனியுடையது, தைரியம் அந்தச் சிப்பாயுடையது. முன்னதை விட்டுவிட்டுப் பின்னதை வைத்துக்கொண்டார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்காட்லாந்திலும் காலம் சும்மா இருக்கவில்லை. ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி 1959ல் வேறொரு படையோடு இணைக்கப்பட்டது. அந்தப் படையும் 2006ல் ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாந்தில் கரைந்தது.

பெயர் எங்கே இருக்கிறது?

பேட்ஜ் ரெஜிமென்ட்டைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. சாதாரணச் சிப்பாயின் தொப்பி பேட்ஜில் பெயரோ எண்ணோ கிடையாது. பெயர் இருப்பது மெடலில். பிரிட்டிஷ் காலப் போர் மெடல்கள் பலவற்றின் விளிம்பில் சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றைப் பொறித்துக் கொடுத்தார்கள். அஸ்ஸாயேவுக்கும் ஒரு மெடல் வந்தது. எப்போது? 1851ல், போர் நடந்து 48 வருஷம் கழித்து, அதுவும் உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும். எத்தனை சிப்பாய்க் கிழவர்கள் அதை வாங்க மிச்சமிருந்திருப்பார்கள்?

ஆனால் இரண்டு உலகப் போர்களின் கதை வேறு. அவற்றுக்குப் போன நம் ஊர்க்காரர்களின் மெடல்கள் இன்னமும் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. முதல் உலகப் போரில் சுமை தூக்கப் போன கூலிப் படையினருக்கு அதே மெடலை வெள்ளிக்குப் பதில் வெண்கலத்தில் கொடுத்தார்கள். 'பித்தளை தானே' என்று அவை எடைக்குப் போய்விடுகின்றன. வெள்ளியில் உள்ளவை கொலுசாகிவிடுகின்றன. ஒவ்வொன்றோடும் ஒரு பெயர் உருகிப் போகிறது.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு மெட்டல் டிடெக்டர் வாங்கி நம் ஊர்க் கோட்டை மேட்டில் இறங்கிவிடாதீர்கள். 1878ம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களில் அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருள்களுக்கு 1972ம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது.

நமக்குத் தோண்ட வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தாத்தா, கொள்ளுத் தாத்தா பட்டாளத்தில் இருந்தாரா என்று பாட்டியிடம் கேளுங்கள். மெடல் கிடைத்தால் தேய்க்காதீர்கள், விற்காதீர்கள். நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியை வைத்து விளிம்பை மட்டும் சுற்றிப் படியுங்கள். எண்ணையும் பெயரையும் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். உலகப் போர்களில் உயிர் நீத்தவராக இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

மலர்க் குழுவினருக்கும் வரலாற்றுத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த சந்திப்பு மலரில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். நம் கல்லூரிக் குடும்பத்தார் வீடுகளில் இருக்கும் மெடல்களின் விளிம்பில் உள்ள பெயர்களை, ஊரோடும் படைப்பிரிவோடும், வரிசையாக அச்சிடுவோம். பத்துப் பெயர் கிடைத்தாலும் போதும். முதல் பெயரை அனுப்பப் போவது யார்?